பழைய தமிழ் சைட்டுல டார்க் மோட் போட்டா எழுத்தே காணாம போகுது, எக்ஸ்டென்ஷன்ல என்ன மாத்தணும்?

மொகல்தெருவாசி | ரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்த இருட்டாக்குற டார்க் ரீடர்ங்கிற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பத்தி ஒரு பஞ்சாயத்து. புது சைட்டுங்கள்ல அது நல்லாத்தான் ஓடுது, குறை சொல்ல முடியாது. ஆனா 1998, 2002ன்னு அந்தக் காலத்துல யாரோ புண்ணியவான் ஃப்ரண்ட்பேஜ்ங்கிற பழைய சாஃப்ட்வேர்ல செஞ்சு போட்டுட்டுப் போன தமிழ்ப் பக்கங்க இருக்கே, தேவாரம், சித்தர் பாட்டு, பழைய கட்டுரைன்னு, நான் ராத்திரி படிக்கிறது பாதி அதுதான். அங்க போனா ஒரே கூத்து.

ஒரு பக்கத்த சொல்றேன். நடுவுல பெரிய டேபிள், அதுக்குப் பின்னாடி சந்தனக் கலர்ல கையால செஞ்ச பேப்பர் மாதிரி ஒரு சின்னப் படம் திரும்பத் திரும்ப ஓடும், அதுமேல பிரவுன் எழுத்து. தலைப்பெல்லாம் ஜிஃப் படம். டார்க் மோட் ஆன் பண்ணா எழுத்து மட்டும் வெளுத்துப் போகுது, சந்தனப் பேப்பர் அப்படியே நிக்குது. சந்தனத்து மேல வெள்ளை எழுத்து, யாரு படிக்கிறது? சரின்னு அதுலயே இருக்கிற ஃபில்டர் மோடுக்கு மாத்துனா பேப்பர் கருத்துடுது, ஆனா கருப்பு எழுத்துல இருந்த தலைப்புப் படங்க அந்தக் கருப்புலயே கரைஞ்சு போகுது. எதுல வச்சாலும் ஒண்ணு போகுது. இதுக்கு செட்டிங் ஏதாவது இருக்கா, இல்ல எக்ஸ்டென்ஷன் செய்றவங்க கிட்டதான் கேக்கணுமா?

பெகுக்காரன்

அண்ணே இதுக்கு எதுக்கு எக்ஸ்டென்ஷன், ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்லயே பக்கம் சொல்ற கலர விட்டுட்டு என் கலரப் போடுன்னு ஓவர்ரைடு குடுக்க இடம் இருக்கு, அதக் குடுத்தா முடிஞ்சது. இல்லன்னா எழுத்த மட்டும் பிரிச்சுக் காட்டுற ரீடர் வியூ. நான் வருஷக்கணக்கா அப்படித்தான் படிக்கிறேன், ஒரு தலைவலியும் இல்ல.

மொகல்தெருவாசி | ரங்கூன்

ரீடர் வியூ பட்டனே வரமாட்டேங்குது தம்பி அந்தப் பக்கங்கள்ல. வந்தாலும் பாதிப் பாட்டு காணோம்.

டாலாக்கரை

பட்டன் வராதது ஏன்னா ரீடர் வியூ, இது ஒரு பத்தின்னு சொல்ற பேரா டேக்க எண்ணித்தான் இது கட்டுரையா இல்லையான்னு முடிவு பண்ணும். பழைய ஆளுங்க பேராவே போட மாட்டாங்க, ஒரு டேபிள் செல்லுக்குள்ள எல்லாத்தையும் கொட்டி வரிக்கு வரி, வரிய உடைக்கிற பிஆர் டேக்தான். அது இத கட்டுரைன்னே ஒத்துக்காது.

அண்ணே சொன்னது ஒரு கோளாறு இல்ல, வேற வேற கோளாறு ஒண்ணா சேர்ந்து வந்து நிக்குது. இப்ப வர்ற சைட்டுல கலர் எல்லாம் சிஎஸ்எஸ்ல, அதாவது தோற்றத்த மட்டும் தனியா எழுதுற ஸ்டைல்ஷீட்ல இருக்கு. டார்க் ரீடர் வழக்கமா ஓடுற டைனமிக் மோட் செய்றது என்னன்னா அந்த ஸ்டைல்ஷீட்ட ரூல் ரூலா படிச்சு, இந்த வெள்ளைக்கு இந்தக் கருப்பு, இந்தக் கருஞ்சிவப்புக்கு இந்த இளஞ்சிவப்புன்னு கணக்குப் போட்டு மேல இன்னொரு ஸ்டைல விரிச்சு மூடிடுது. பழைய பக்கத்துல படிக்கிறதுக்கு ஸ்டைல்ஷீட்டே கிடையாது. சிஎஸ்எஸ்ஸோட முதல் வெர்ஷன் வந்ததே 1996 டிசம்பர்ல, ஃபான்ட் டேக், சென்டர், பின்னணிக் கலரச் சொல்ற பிஜிகலர் இதெல்லாம் இனிமே வேணாம்னு, பக்கம் எழுதுற மொழியான எச்டிஎம்எல்லோட 4ஆவது வெர்ஷன் சொன்ன பிறகும் ஜனங்க அதுலதான் எழுதிட்டு இருந்தாங்க. கலர் டேக்குக்குள்ளயே இருக்கு. பிரவுசர் அத தானே ஒரு ஸ்டைலா மாத்திக்கும், ஆனா அது எந்த ஸ்டைல்ஷீட்லயும் எழுத்தா நிக்காது.

டார்க் ரீடர் இது தெரியாம இல்ல, பிஜிகலரையும் ஃபான்ட் கலரையும் தனியா தேடிப் பிடிச்சு மாத்துது. உங்க பக்கத்துல ஃபான்ட் கலர் மாட்டிச்சு, எழுத்து வெளுத்துச்சு. டேபிள் டேக்குக்குள்ளயே எழுதின பேக்கிரவுண்ட் அட்ரிபியூட்ல இருந்த படம் மாட்டல, அது நின்னுடுச்சு. ஜோடியில ஒண்ண மட்டும் இழுத்துட்டு வந்தா இப்படித்தான் ஆகும்.

ஃபில்டர் மோட் கதை வேற. அது மொத்தப் பக்கத்தையும் நெகட்டிவ் ஆக்கி, கலர் சாயல 180 டிகிரி திருப்பி விடுது. அப்படியே விட்டா போட்டோல இருக்கிற மனுஷன் பேய் மாதிரி தெரிவான்னு படங்கள மட்டும் இன்னொரு தடவ திருப்பி பழைய நிலைக்கே கொண்டாந்துடுது. போட்டோக்கு அது சரி. கருப்பு எழுத்துல, பின்னாடி ட்ரான்ஸ்பரன்டா செஞ்ச தலைப்பு ஜிஃப்புக்கு அதுதான் சாவு.

பெகுக்காரன்

அப்ப நான் சொன்ன மாதிரி கலர் ஓவர்ரைடே மேல். எல்லாத்தையும் ஒரே அடியா அடிச்சுடும்.

டாலாக்கரை

அடிச்சுடும்தான், ஆனா பக்கத்துல கலருக்கு ஒரு வேலை இருந்தா அதுவும் சேர்ந்து போகும். மூலம் கருப்பு, பதவுரை நீலம், பாடபேதம் சிவப்புன்னு கலர்லயே பிரிச்சு வச்ச பக்கங்க எத்தன இருக்கு. எல்லாம் ஒரே வெள்ளை ஆச்சுன்னா பாட்டு எங்க முடியுது உரை எங்க தொடங்குதுன்னு எப்படித் தெரியும்?

மோல்மேன்_டீச்சர்

இத நான் அனுபவிச்சிருக்கேன். கோயில் தமிழ் வகுப்புக்கு பழைய பக்கங்கள எடுத்து வச்சுதான் பாடம் நடத்துறோம், அதுல குறில் ஒரு கலர், நெடில் ஒரு கலர். ஓவர்ரைடு போட்டா அந்தப் பாடமே இல்ல.

இங்க தமிழ்ப் பள்ளிக்கூடம்லாம் அறுபதுகள்ல கவர்மென்ட் எடுத்துக்கிட்டதுக்கப்புறம் கையில புத்தகம்னு பெருசா ஒண்ணும் மிஞ்சல, அதனால அந்தப் பழைய சைட்டுங்கதான் எங்களுக்கு லைப்ரரி. அசிங்கமா இருக்குன்னு ஒதுக்க முடியாது.

எனக்கு இன்னொரு சந்தேகம். நெட் எப்ப இருக்கும் எப்ப போகும்னு தெரியாததால எல்லாத்தையும் லேப்டாப்புல சேவ் பண்ணிதான் வைக்கிறேன். சேவ் பண்ண பக்கத்துல டார்க் மோட் சுத்தமா வேலையே செய்யல. ஆன்லைன்ல அதே பக்கம் கருப்பாகுது, ஃபைலா திறந்தா பளீர்னு வெள்ளை. ஏன்?

டாலாக்கரை

டீச்சர் நீங்க குரோம்ல இருந்தீங்கன்னா எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போயி டார்க் ரீடரோட டீடெயில்ஸ்ல ஃபைல் யூஆர்எல்களுக்கு அனுமதின்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது தானா ஆன் ஆகாது, நீங்கதான் போடணும். அதப் போட்டா பாதி தீர்ந்துச்சு.

மீதி பாதி பேக்கிரவுண்ட் படம். எக்ஸ்டென்ஷன் ஒரு பின்னணிப் படம் வெளிச்சமா இருட்டான்னு பார்க்க அத ஒரு குட்டி கேன்வாஸ்ல வரைஞ்சு புள்ளி புள்ளியா எண்ணும். ஃபைலா திறந்த பக்கத்துல பக்கத்து ஃபோல்டர்ல இருக்கிற படத்தையே பிரவுசர் அந்நியனாத்தான் பார்க்கும், வரைய விடும், ஆனா புள்ளிய படிக்க விடாது. அதனால அங்க கணிப்பு தடுமாறும். இதுக்கு சிங்கிள்ஃபைல்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அது படத்தையெல்லாம் பக்கத்துக்குள்ளயே எழுத்தா திணிச்சு ஒரே எச்டிஎம்எல்லா சேவ் பண்ணும், அப்படி உள்ள இருக்கிற படத்த படிக்கத் தடை இல்ல. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, சேவ் பண்றப்ப டார்க் மோட ஆஃப் பண்ணிடுங்க. அது அந்த நேரத்துல பக்கம் எப்படி இருக்கோ அப்படியேதான் சேவ் பண்ணும், இருட்டு ஸ்டைலும் சேர்ந்து உள்ள போயிட்டா அப்புறம் பகல்ல படிக்கிறப்பவும் பிரின்ட் போடுறப்பவும் ரோதனை.

மோல்மேன்_டீச்சர்

சுவிட்ச் போட்டதும் வேலை செய்யுது தம்பி, ரொம்ப நன்றி. சிங்கிள்ஃபைல் ஞாயித்துக்கிழமை பாக்குறேன்.

தன்லின்_தம்பி

எதுக்கு இவ்வளவு கஷ்டம்னு கேக்கக்கூடாது ஆனாலும் கேக்குறேன், டார்க் மோட்னால சார்ஜ் மிச்சமாகுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே அதுக்காகத்தானே? இன்வர்ட்டர் பேட்டரி எங்க வீட்டுல ரொம்ப நேரம் தாங்காது, அதான் கேட்டேன்.

பெகுக்காரன்

தம்பி உன் ஸ்க்ரீன் ஓலெட்டா எல்சிடியா? எல்சிடின்னா பின்னாடி லைட் எப்பவும் எரிஞ்சுட்டுதான் இருக்கும், நீ கருப்பு காட்டினாலும் வெள்ளை காட்டினாலும் கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஓலெட்லதான் கருப்புப் புள்ளி அணைஞ்சு கிடக்கும். அதுலயும் 2021ல பர்டூ யுனிவர்சிட்டில போன்கள வச்சு அளந்து பாத்ததுல, பிரைட்னஸ் 30லேருந்து 50 சதவீதத்துல இருந்தா மிச்சம் சராசரியா 3லேருந்து 9 சதவீதம்தான், பிரைட்னஸ முழுசா 100ல வச்சாத்தான் 39லேருந்து 47 சதவீதம். ராத்திரி இருட்டுல யாரு 100ல வைப்பா? பிரைட்னஸ் குறைக்கிறதுதான் உனக்கு லாபம்.

தன்லின்_தம்பி

லேப்டாப் எல்சிடி, போன் ஓலெட். அப்ப லேப்டாப்புல கண்ணுக்காக மட்டும்தான்.

மொகல்தெருவாசி | ரங்கூன்

எனக்கு கண்ணுக்காகத்தான். கரண்ட் இல்லாத ரூம்ல வெள்ளை ஸ்க்ரீன் மூஞ்சில அடிச்சா தூக்கமே போயிடுது, பக்கத்துல படுத்திருக்கிறவங்களும் திட்டுறாங்க.

மோல்மேன்_டீச்சர்

ஆனா முழுக் கருப்புல முழு வெள்ளை எழுத்து எனக்கு ஒத்துக்கல. கண்ணுல அஸ்டிக்மாட்டிசம் இருக்கு, எழுத்தச் சுத்தி ஒரு மங்கல் வளையம் வந்து மெய்யெழுத்து புள்ளி எது, பக்கத்து எழுத்தோட சுழி எதுன்னே தெரியாது. டார்க் ரீடர்ல கான்ட்ராஸ்ட குறைச்சு செபியாவ கொஞ்சம் ஏத்தினா பரவால்ல. அதோட டீஃபால்ட்டே முழுக் கருப்பு இல்லன்னு நினைக்கிறேன்.

டாலாக்கரை

ஆமா, டீஃபால்ட் பின்னணி கரிச் சாம்பல், எழுத்தும் சுத்த வெள்ளை கிடையாது, லேசா பழுத்த வெள்ளை. ஃபான்ட் டேப்ல டெக்ஸ்ட் ஸ்ட்ரோக்னு ஒண்ணு இருக்கு, அத ஒரு துளி ஏத்துனா மெல்லிசான தமிழ் ஃபான்ட்டெல்லாம் கொஞ்சம் தடிச்சு நிக்கும்.

அந்த டேப்லயே ஃபான்ட மாத்துற ஆப்ஷனும் இருக்கு. அத மட்டும் பழைய பக்கத்துல தொட்டுடாதீங்க.

தன்லின்_தம்பி

ஏன்?

டாலாக்கரை

எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் நடைமுறைக்கு வர்றதுக்கு முன்னாடி தமிழ் பக்கங்க டிஸ்கி, டாப், டாம்னு ஒவ்வொரு என்கோடிங்ல, அதாவது எழுத்துக்கு நம்பர் குடுக்கிற முறையில இருந்துச்சு. உள்ள இருக்கிறது பிரவுசருக்கு லத்தீன் எழுத்துதான், ஃபான்ட் டேக்ல சொன்ன அந்த ஃபான்ட் இருந்தாத்தான் திரையில தமிழா வரும். நீங்க ஃபான்ட மாத்துனா எழுத்து கொம்பு முளைச்ச ஆங்கிலமாகிடும். எக்ஸ்டென்ஷன் பண்ற கூத்துன்னு நினைச்சு ஆஃப் பண்ணுவீங்க, ஆனா காரணம் அந்த ஒரு டிக்தான். பர்மிய சைட்லயும் இதே கதைதானே, பழைய பர்மிய ஃபான்ட் முறையான ஜாவ்ஜிக்கும் யூனிகோடுக்கும் இடமெல்லாம் ஒண்ணு, அடுக்குற முறைதான் வேற. 2019 அக்டோபர் 1ல நாடே யூனிகோடுக்கு மாறுன பிறகும் அதுக்கு முன்னாடி எழுதின பக்கம் ஜாவ்ஜியாத்தான் கிடக்கு. அதுமேல வேற ஃபான்ட போட்டா எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும்.

எக்ஸ்டென்ஷன் செய்றவங்க இதுக்கு ஒண்ணு செய்யலாம். ஃபான்ட் டேக்ல ஃபேஸ்னு ஃபான்ட் பேரு குடுத்திருந்தா அந்த இடத்துல மட்டும் ஃபான்ட மாத்தாதேன்னு. கஷ்டமே இல்ல.

பெகுக்காரன்

இதெல்லாம் சரி. இப்ப இருக்கிற முறைப்படி ஒரு சைட் சரியா வரலன்னா டார்க் ரீடரோட கோட் இருக்கிற கிட்ஹப் சைட்ல ஒரு பெரிய கான்ஃபிக் ஃபைல் இருக்கு, அதுல சைட் பேரு போட்டு இந்தப் படத்த திருப்பு, இந்த சிஎஸ்எஸ் சேர்த்துக்கோன்னு எழுதி அனுப்பினா எல்லாருக்கும் போய்ச் சேரும். ஓப்பன் சோர்ஸ்தானே. நாம படிக்கிற பத்து இருபது சைட்டுக்கு நாமளே எழுதி அனுப்பிட்டா போச்சு.

டாலாக்கரை

இங்கதான் எனக்கு உன்னோட ஒத்துப்போகல. பெரிய சைட்டுக்கு அந்த முறை சரி, லட்சம் பேரு பாக்குறாங்க, உடைஞ்சா யாராவது கத்துவாங்க, யாராவது சரி பண்ணுவாங்க. பழைய பக்கத்த பாக்குறது நாம நாலு பேரு. செஞ்சவரு இருக்காரா இல்லையான்னே தெரியாது. அதே பக்கம் வேற டொமைன்ல காப்பியா கிடக்கும், டீச்சர் லேப்டாப்புல ஃபைலா கிடக்கும், அதுக்கெல்லாம் சைட் பேரு வச்சு ஃபிக்ஸ் எப்படி எழுதுறது? அந்த ஃபைலும் ஊதிப்போயி கிடக்கு.

பழைய பக்கங்க எல்லாம் ஒரே மாதிரிதான் உடையுது, அதனால பொதுவா ஒரே வைத்தியம் பாக்கலாம்ங்கிறது என் கட்சி. பக்கம் பழசான்னு கண்டுபிடிக்கிறது சுலபம், எந்த வெர்ஷன்ல எழுதினதுன்னு மேல சொல்ற டாக்டைப் வரி இல்லாத பக்கத்த, பழைய பழக்கத்துக்கு ஒத்துப்போற குவிர்க்ஸ் மோட்ல பிரவுசரே திறக்கும், டாகுமென்ட்டோட காம்பேட்மோட்ட கேட்டா பேக்காம்பேட்னு சொல்லும். ஒரு வரி வேலை.

பெகுக்காரன்

அது போதாது. எச்டிஎம்எல் 4.01 டிரான்சிஷனல்னு முழு டாக்டைப் போட்ட பக்கம் இருக்கே, அது பழசுதான், ஆனா அதுக்கு சாதாரண பதில்தான் வரும். அந்த டாக்டைப்லயே அட்ரஸ் விட்டுப்போச்சுன்னா மட்டும் குவிர்க்ஸ். பாதிப் பக்கம் உன் வலையில மாட்டாது.

டாலாக்கரை

அதனாலதான் கூடவே ஃபான்ட் டேக்கும் பிஜிகலரும் எத்தன இருக்குன்னு எண்ணணும். இந்தக் காலத்துல யாரும் அத கையால எழுதுறதில்ல.

அடுத்தது கலர். ஸ்டைல்ஷீட்டையும் அட்ரிபியூட்டையும் படிக்கிறத விட்டுட்டு, பிரவுசர் கடைசியா என்ன கலர் பூசியிருக்குன்னு ஒவ்வொரு எலிமென்ட் கிட்டயும் நேரா கேட்டுடணும். ஏன்னா அந்த அட்ரிபியூட்ட ஒழுங்கா படிக்கிறதே ஒரு வித்தை. ஹேஷ் இல்லாம ஆறு எழுத்து எழுதியிருப்பான், பிரவுசர் ஏத்துக்கும். பிஜிகலர்ல சக் நோரிஸ்னு ஆங்கிலத்துல சேர்த்து எழுதினா கூட ஒரு கருஞ்சிவப்பு வரும் தெரியுமா? கலர் நம்பர்ல வரக்கூடாத எழுத்தெல்லாம் பூஜ்யமாக்கி மூணா வெட்டி எடுத்துக்கும். வேணும்னா போட்டுப் பாருங்க. இத்தன கோமாளித்தனத்தையும் எக்ஸ்டென்ஷன் திரும்ப எழுத வேண்டியதில்ல, பிரவுசர்தான் ஏற்கனவே முடிச்சு வச்சிருக்கே.

பக்கம் சின்னது, எலிமென்ட் கம்மி, அதனால எல்லாத்தையும் கேட்டாலும் மெஷின் திணறாது. முதல்ல மொத்தத்தையும் படிச்சு எழுதி வச்சுக்கிட்டு அப்புறமாத்தான் மாத்தணும், படிச்சு மாத்தி படிச்சு மாத்தின்னு போனா பழைய லேப்டாப் அழுதுடும்.

அப்புறம் முக்கியமானது ஜோடி. ஒரு எழுத்தோட கலர மாத்துறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழ உண்மையில என்ன இருக்குன்னு மேல் மேலா ஏறிப் போயி பாக்கணும், செல், ரோ, டேபிள், பாடின்னு. திடமான கலர் கிடைச்சா ரெண்டையும் சேர்த்து மாத்து. படம் கிடைச்சா, படிக்க முடியுற படம்னா இருட்டாக்கு, முடியலன்னா அந்த இடத்துல எழுத்தையும் தொடாதே. சந்தனத்துல பிரவுன் எழுத்து ராத்திரிக்கு வெளிச்சம்தான், ஆனா படிக்கவாவது முடியும்.

மொகல்தெருவாசி | ரங்கூன்

படத்த இருட்டாக்குன்னா எப்படி, நெகட்டிவ் பண்ணியா? அந்தப் பேப்பர் டிசைன் எனக்குப் பிடிக்கும்.

டாலாக்கரை

நெகட்டிவ் வேணாம். பின்னால ஒரு கருங்கலர் குடுத்து படத்தையும் அதையும் மல்டிப்ளை பண்ணச் சொன்னா போதும், சிஎஸ்எஸ்லயே பேக்கிரவுண்ட் பிளெண்ட் மோட்னு இருக்கு. பேப்பரோட நாரு, சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கும், கலர் மட்டும் காப்பிப்பொடி மாதிரி ஆகிடும்.

பெகுக்காரன்

லிங்க் கலருக்கு உன் வித்தை பலிக்காது. போய் வந்த லிங்க்கோட கலர பிரவுசர் ஸ்கிரிப்டுக்கு சொல்லவே சொல்லாது, நீ எங்கெல்லாம் போனன்னு சைட்டுங்க ஒட்டுக்கேட்டதுனால அத அடைச்சுட்டாங்க. கேட்டா எப்பவும் போகாத லிங்க் கலரத்தான் சொல்லும்.

டாலாக்கரை

சரியான பாயின்ட். லிங்க்குக்கு படிக்காம தனியா ரெண்டு ரூல் போட்டுட வேண்டியதுதான், போகாததுக்கு ஒண்ணு போனதுக்கு ஒண்ணு. அதப் போடாம விடவும் முடியாது, ஏன்னா ஒண்ணுமே சொல்லாத பக்கத்துல வர்ற அந்த பழைய அடர் நீலம் வெள்ளை மேல 9.4க்கு 1 கான்ட்ராஸ்ட், கருப்பு மேல அதே நீலம் 2.2க்கு 1. படிக்கிற எழுத்துக்கு 4.5 வேணும்னு, எல்லாராலயும் படிக்க முடியணும்னு வச்ச டபிள்யூசிஏஜி விதிமுறை சொல்லுது. போய் வந்த ஊதா அதவிட மோசம், 2ஐக்கூட தொடாது.

இங்க ஒரு வசதியும் இருக்கு. அட்ரிபியூட்ல வர்ற கலருக்கு பிரவுசர் குடுக்கிற மரியாதை பூஜ்யம், நாம சாதாரணமா ஒரு ரூல் எழுதினாலே அது தோத்துடும், இம்பார்டன்ட் போட்டு கத்தவே தேவையில்ல. நம்ம சிஎஸ்எஸ்ஸ பக்கத்துல சேர்க்கிற ஸ்டைலஸ் எக்ஸ்டென்ஷன்ல நாலு வரி எழுதிப் பாருங்க, உடனே கேக்கும்.

தன்லின்_தம்பி

அண்ணே டாலாக்கரை, நீங்க சொன்னத வச்சு நம்ம ஸ்கிரிப்ட பக்கத்துல ஓட்டுற டேம்பர்மங்கி எக்ஸ்டென்ஷன்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பாத்தேன். குவிர்க்ஸ் மோடா இருந்தாலோ ஃபான்ட் டேக் நெறைய இருந்தாலோ ஆரம்பிக்கும், மொத்தத்தையும் படிக்கும், ஜோடியா மாத்தும். டார்க் ரீடர அந்த சைட்டுக்கு மட்டும் ஆஃப் பண்ணிட்டுத்தான் பாத்தேன். மொகல்தெரு அண்ணே சொன்ன பக்கம் இப்ப படிக்க முடியுது, பேப்பர் டிசைனும் இருக்கு.

தலைப்பு ஜிஃப்தான் தகராறு. பழைய ஜிஃப்ல ஒரு புள்ளி இருக்கும் இல்லன்னா இருக்காது, பாதி ட்ரான்ஸ்பரன்ட்னு கிடையாது இல்லையா, அதனால எழுத்தோட ஓரத்துல வெள்ளைக்காக கலந்து வச்ச சாம்பல் புள்ளியெல்லாம் கருப்புல பூஞ்சை பிடிச்ச மாதிரி தெரியுது. கருப்பு எழுத்து சுத்தமா தெரியல.

டாலாக்கரை

அடடா கலக்கிட்ட தம்பி. ஜிஃப்புக்கு ஒரு வழி, படத்த தொடவே தொடாத. அந்தப் படம் முன்னாடி எந்தக் கலர் மேல உக்காந்திருந்துச்சோ அதத்தான் நீ படிச்சு வச்சிருக்கியே, அந்தக் கலரையே படத்தோட சொந்தப் பின்னணியா போட்டுடு. ட்ரான்ஸ்பரன்ட் புள்ளி வழியா அந்தப் பழைய கலர் தெரியும், ஓரத்து சாம்பலும் அதோட ஒட்டிக்கும். இருட்டுப் பக்கத்துல வெளிச்சமா ஒரு பட்டை வரும், அழகா இருக்காதுதான், ஆனா தலைப்பு தெரியும்.

மோல்மேன்_டீச்சர்

அழகு வேணாம் தம்பி, தெரிஞ்சா போதும். என் பக்கங்கள்ல படமா இருக்கிற எழுத்து ரொம்ப.

தன்லின்_தம்பி

போட்டாச்சு. தலைப்பு வந்துச்சு. ஆனா பக்கம் பூரா அங்கங்க வெள்ளைக் கோடு, வெள்ளைக் கட்டம், டியூப்லைட் மாட்டின மாதிரி. அந்த இடத்துல படமே கிடையாது!

பெகுக்காரன்

இருக்கு, உன் கண்ணுக்குத்தான் தெரியாது. ஸ்பேசர் ஜிஃப். இடம் விடுறதுக்காக ஒண்ணுக்கு ஒண்ணு புள்ளி ட்ரான்ஸ்பரன்ட் படத்த இழுத்து இழுத்து வச்சிருப்பாங்க, அதுக்கும் நீ பின்னணி அடிச்சிருக்க. படத்தோட நிஜ அகலம் நிஜ உயரம் கேளு, பக்கத்துல காட்டுற அளவ இல்ல, நேச்சுரல்விட்த்துன்னு இருக்கும். ரெண்டு புள்ளிக்குள்ள இருந்தா விட்டுடு. ஃபைலா திறந்த பக்கத்துலயும் அந்த அளவு கிடைக்கும், அதுக்குத் தடை கிடையாது.

தன்லின்_தம்பி

போயிடுச்சு போயிடுச்சு. பெகு அண்ணே, ஓவர்ரைடு கட்சிலேருந்து எப்ப மாறுனீங்க? 😀

பெகுக்காரன்

மாறலப்பா. எனக்கு ஓவர்ரைடே போதும், கலர்ல பாடம் படிக்கிற வயசெல்லாம் தாண்டியாச்சு. தப்பா எழுதின ஸ்கிரிப்ட பாத்தா மட்டும் கை சும்மா இருக்காது.

அந்த மல்டிப்ளை வேலைய போட்டோ பின்னணியா இருக்கிற பக்கத்துலயும் ஒரு தடவ பாரு. கோபுரம் போட்டோ மேல எழுத்து வச்ச பக்கம் இருக்கும்ல, அதுல என்ன ஆகுதுன்னு.

மொகல்தெருவாசி | ரங்கூன்

நான் பாத்தேன். கோபுரம் மங்கலா பின்னால தெரியுது, எழுத்து நல்லா படிக்க வருது. இன்னொண்ணு, ஃபிரேம் வச்ச சைட் ஒண்ணு இருக்கு, இடது பக்கம் கருநீலத்துல மெனு, வலது பக்கம் வெள்ளையில பாட்டு. அதுல மெனு இப்ப வெளிர் நீலமா மாறிப் பளபளன்னு அடிக்குது, வலது பக்கம் சரியா இருக்கு.

டாலாக்கரை

ஒவ்வொரு ஃபிரேமும் தனி டாகுமென்ட், ஸ்கிரிப்ட் ரெண்டுலயும் தனித்தனியா ஓடுது. தம்பி, ஏற்கனவே இருட்டா இருக்கிற பின்னணிய நீ வெளிச்சத்துக்குத் திருப்புற. கலர கண்ண மூடிட்டு திருப்பக்கூடாது, வெளிச்சம்னா இறக்கு, இருட்டுன்னா அப்படியே விடு. அந்த மெனுவோட மஞ்சள் லிங்க்கையும் தொடாத, நம்ம லிங்க் ரூல் அங்கயும் போய் விழும், அதுக்கு முன்னாடி கான்ட்ராஸ்ட் கணக்குப் போட்டு 4.5க்கு மேல இருந்தா விட்டுடச் சொல்லு.

தன்லின்_தம்பி

சரிண்ணே. கரண்ட் வந்ததும் மாத்திட்டு இங்கயே போடுறேன். முடிஞ்சா அதையே ஆங்கிலத்துல எழுதி டார்க் ரீடர் கிட்ஹப்ல ஒரு யோசனையா வைக்கலாமா?

டாலாக்கரை

வைக்கலாம், ஆனா ஸ்கிரிப்ட மட்டும் வச்சா யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாரும் திறந்து பாக்குற மாதிரி மாதிரிப் பக்கம் செய்யணும். சந்தனப் பேப்பர் டேபிள் ஒண்ணு, ட்ரான்ஸ்பரன்ட் தலைப்பு ஜிஃப், ஸ்பேசர், ரெண்டு ஃபிரேம், ஃபேஸ் குடுத்த ஃபான்ட் டேக். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கோளாறுதான் இருக்கணும், எல்லாத்தையும் ஒரே பக்கத்துல திணிச்சா பிரிச்சுப் பாக்க முடியாது. டீச்சர், உங்ககிட்ட சேவ் பண்ணது நிறைய இருக்குல்ல, அதுலேருந்து மாதிரி எடுக்கலாமா?

மோல்மேன்_டீச்சர்

தாராளமா எடுங்க. டிஸ்கில இருக்கிறதும் இருக்கு, யூனிகோட்ல இருக்கிறதும் இருக்கு, சிப் பண்ணி அனுப்புறேன். போன்லயும் இது ஓடுமா? பிள்ளைங்க கையில எல்லாம் ஆண்ட்ராய்டுதான்.

தன்லின்_தம்பி

குரோம்ல ஓடாது டீச்சர், ஆண்ட்ராய்டு குரோம் எக்ஸ்டென்ஷன் எடுக்காது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் எடுக்கும், டார்க் ரீடர், டேம்பர்மங்கி ரெண்டும் அதுல கிடைக்குது. பிள்ளைங்க போன்ல ஃபயர்ஃபாக்ஸ் போடச் சொல்லுங்க, நெட் நல்லா இருக்கிற நேரத்துல நான் ஸ்கிரிப்ட அனுப்புறேன்.